முதுகுவலியோடு செஞ்சிக்கோட்டை ஏறுகிறவர்களுக்கு

2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதமுள்ள ஒன்று விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. பட்டியலில் பெயர் ஏறினால் கூட்டம் கூடுவது இயல்பு. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இதுவரை ஜன்னல் வழியாகக் கோட்டையைப் பார்த்துக்கொண்டே போனவர்களும் இப்போது இறங்கி ஏறிப் பார்க்க நினைக்கிறார்கள். அவர்களில் ஒரு சாரார் சட்டைக்குள் இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கு.

அவர்கள் சிறு கூட்டமும் அல்ல. 2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்ததாகவும், 2050க்குள் அது 84.3 கோடியாகும் என்றும் 2023இல் 'லான்செட்' குழும இதழில் வந்த உலகளாவிய கணக்கெடுப்பு சொல்கிறது. மனிதரை வேலை செய்யவிடாமல் முடக்கும் காரணங்களில் முதலிடம் இடுப்புவலிக்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முதுகுவலி உள்ளவர் நடக்கலாம், நடக்கவும் வேண்டும். மலைகூட ஏறலாம். ஆனால் ஆறு மாதம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே நாளில் செஞ்சியின் உயர்ந்த குன்றான ராஜகிரியில் ஏறக் கூடாது. மலையைவிட ஆபத்தானது அந்தத் திடீர்த் தாவல்.

ஏறவிடாமல் தடுக்கக் கட்டியது

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் சுமார் 13 கிலோமீட்டர் நீள மதில் வளைத்திருக்கிறது. மூன்றில் உயர்ந்த ராஜகிரி சுமார் 800 அடி. இன்றைய கட்டடக் கணக்கில் எழுபது, எண்பது மாடி. லிஃப்ட் இல்லாத எண்பது மாடி என்று நினைத்துக்கொண்டால் விஷயம் புரியும்.

அதுவும் வீட்டுப் படி போன்ற படி அல்ல. குடியிருப்புக் கட்டடத்தில் ஒரு படியின் உயரம் 19 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, மக்கள் கூடும் கட்டடங்களில் 15 சென்டிமீட்டர்தான் என்று இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. எல்லாப் படியும் ஒரே உயரத்தில் இருந்தால் கால் கணக்கு வைத்துக்கொள்ளும். நாம் பார்க்காமலேகூட ஏறிவிடுவோம். ராஜகிரியில் அந்தக் கணக்கு செல்லாது. ஒரு படி தாழ்வு, அடுத்தது உயரம், அதற்கடுத்தது தேய்ந்து சரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு தன்னைப் புதிதாகச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

இது கொத்தனாரின் கவனக்குறைவு அல்ல. 1677இல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவருடைய மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கியபோது முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698இல். ஒரு பேரரசின் படையை எட்டு ஆண்டுகள் கீழேயே நிறுத்தி வைத்த காரணங்களில் இந்த ஏற்றமும் ஒன்று. உச்சிக்கு முன்னால் பாறைப் பிளவு ஒன்று உண்டு. அதைக் கடக்கச் சிறு பாலம். அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை யாரும் நெருங்க முடியாது. வருகிறவன் களைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய வழி இது. இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறவரும் அதே வழியில்தான் போகிறார்.

இன்னொன்றையும் அடிவாரத்திலேயே யோசித்துக்கொள்ள வேண்டும். உச்சிக்கு வண்டிப் பாதை கிடையாது. பாதி மலையில் இடுப்பு பிடித்துக்கொண்டால் நான்கு பேர் தூக்கித்தான் இறக்க வேண்டும். அந்தப் படிகளில் ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற நால்வரின் முதுகையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டிஸ்க்குக்குள் நடப்பது

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கின் மையம் கூழ்போல இருக்கும். சுற்றிலும் நார் வளையங்கள். வளர்ந்த மனிதரின் டிஸ்க்கின் உட்பகுதிக்கு நேரடி ரத்தக் குழாய் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வருவதுதான் அதற்கு உணவு. படுத்திருக்கும்போது அது நீரை உறிஞ்சி உப்பும். நின்று நடக்கும்போது நீரை இழந்து தட்டையாகும். காலையில் நமக்கு இருக்கும் உயரத்தில் சுமார் ஒரு சதவீதம் இரவுக்குள் குறைந்துபோவது இதனால்தான்.

ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட அளவீடு ஒன்று உண்டு. தானாக முன்வந்த ஒருவரின் நான்காம், ஐந்தாம் இடுப்பெலும்புகளுக்கு நடுவில் உள்ள டிஸ்க்கில் உணர்கருவியைப் பொருத்தி, அவர் படுத்தபோதும் நின்றபோதும் சுமை தூக்கியபோதும் உள்ளழுத்தத்தை அளந்தார்கள். படுக்கையில் 0.1 மெகாபாஸ்கல். நிற்கையில் 0.5. முதுகை வளைத்துக் குனிந்து 20 கிலோ தூக்கியபோது 2.3. அதே 20 கிலோவை முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. ஒரே ஒருவரின் அளவு என்பதால் இந்த எண்களை எல்லாருக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் போக்கு தெளிவு: நிற்பதற்கும் குனிந்து தூக்குவதற்கும் இடையில் நாலரை மடங்கு.

அதே ஆய்வில் இன்னொரு எண். ஏழு மணி நேரத் தூக்கத்தில் டிஸ்க்கின் அழுத்தம் 0.1இலிருந்து 0.24ஆக உயர்ந்தது. எழுந்தவுடன் டிஸ்க் நீர் கோத்து விறைப்பாக இருக்கிறது. எழுந்த முதல் சில மணி நேரம் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நாள்பட்ட இடுப்புவலி குறைந்ததாக 1998இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலாவைப் பார்ப்போம்.

விடுமுறை நாளின் கணக்கு

சென்னையிலிருந்து செஞ்சி சுமார் 150 கிலோமீட்டர். வெயிலுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டுமென்று விடியற்காலை நாலு மணிக்கு எழுகிறார்கள். எழுந்த கையோடு குனிந்து, தண்ணீர் கேனையும் சாப்பாட்டுக் கூடையையும் டிக்கியில் ஏற்றுகிறார்கள். டிஸ்க் நீர் கோத்திருக்கும் நேரம் அது. பிறகு மூன்று மணி நேரம் சீட்டில் சாய்ந்து, முதுகு கூன் போட்ட நிலையில் பயணம். பஸ்ஸின் கடைசி சீட்டென்றால் குலுக்கலும் சேரும். நெடுநேரம் வளைந்திருந்த தசைநார்கள் தற்காலிகமாகத் தளர்ந்துபோகும். நிமிர்ந்தவுடன் இறுக்கத்துக்குத் திரும்பிவிடாது. ஆனால் கோட்டை வாசலில் கார் நின்ற ஐந்தாவது நிமிடத்தில் ஏறத் தொடங்கிவிடுகிறார்கள்.

அடிவாரத்தில் நின்று கவனித்தால் மற்றவையும் தெரியும். இரண்டு லிட்டர் பாட்டில்கள், டிபன் பாக்ஸ், துண்டு எல்லாம் ஒரே தோளில் தொங்கும் பையில். கூடவே மூன்று வயதுக் குழந்தை, சுமார் பன்னிரண்டு கிலோ. குழந்தை முதல் நூறு படி தானே ஏறும். பிறகு 'தூக்கு' என்று கையை நீட்டும். அம்மா தூக்கி ஒரு பக்கம் இடுப்பைச் சாய்த்துக்கொள்வார். கொஞ்ச தூரம் போனதும் அப்பா வாங்கித் தோளில் உட்கார வைப்பார். காலில் ரப்பர் செருப்பு.

அப்புறம் குரங்குகள். செஞ்சியில் கையில் கவர் வைத்திருப்பவரைக் குரங்கு தேடி வரும். பின்னாலிருந்து பையைப் பிடித்து இழுத்தால் யாரும் யோசித்துத் திரும்புவதில்லை; கால் ஒரு படியில் ஊன்றியிருக்க இடுப்பு மட்டும் வெடுக்கென்று திரும்பும். சுமையோடு குனிந்தபடி திடீரென்று முறுக்குவது டிஸ்க்கின் நார் வளையத்துக்கு ஆகவே ஆகாத அசைவு. உணவை வெளியே தெரியும்படி கொண்டுபோகாதீர்கள் என்பது முதுகுவலிக்காரருக்கு மருத்துவ ஆலோசனையாகவும் ஆகிறது.

இதில் எந்த ஒன்றும் தனியாக ஆளைக் கவிழ்த்துவிடாது. ஆனால் இங்கே எல்லாமும் ஒரே காலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகின்றன.

இறக்கம்தான் சோதனை

ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றுவிடுவோம். இறங்கும்போது மூச்சு வாங்காது. ஆகவே நிற்க மாட்டோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஏற்றத்தில் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறக்கத்தில் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தடுத்துப் பிடிக்கிறது. இப்படி நீண்டு உழைக்கும் தசையில்தான் நுண்ணிய காயங்கள் அதிகம். அந்த வலி அன்றைக்குத் தெரியாது; 24 மணி நேரம் கழித்துத் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். 'நேத்து ஒண்ணுமே தெரியலையே, இன்னிக்குக் கட்டிலை விட்டு இறங்க முடியலையே' என்கிறவர்கள் இந்த வகை. ஏறியதே பெரிய உழைப்பு. தொடையும் வயிற்றுத் தசையும் களைத்த நிலையில்தான் இறங்குகிறோம். களைத்த தசை தாமதமாகப் பிடிக்கும். உயரம் மாறி மாறி வரும் படியில் கால் எதிர்பார்த்ததற்கு முன்பே தரையைத் தொட்டாலோ, தொடாமல் போனாலோ அதிர்ச்சி நேராக இடுப்புக்குப் போகும்.

கைத்தடி வைத்துக்கொண்டால் இறக்கத்தில் முழங்கால் மூட்டின் சுமை குறைகிறது என்பது அளந்து பார்த்த உண்மை. இரண்டு தடி இன்னும் நல்லது. வயசானவர்களுக்குத்தான் தடி என்ற கூச்சத்தை அடிவாரத்திலேயே விட்டுவிடலாம். பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குவதிலும் வெட்கம் ஒன்றுமில்லை.

எல்லா முதுகும் ஒன்றல்ல

'எனக்கும் எல்-4 எல்-5தான், நான் ஏறிட்டேனே' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பிக் கிளம்பக் கூடாது. ஸ்கேனில் ஒரே மாதிரி எழுதியிருந்தாலும் வலி இரு வேறு திசையில் வேலை செய்யலாம்.

டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தும் இளைஞருக்குக் குனிந்தாலும் உட்கார்ந்தாலும் வலி கூடும்; நிமிர்ந்து நடந்தால் குறையும். அவருக்குச் செங்குத்தான ஏற்றத்தில் முன்னால் குனிவது ஆகாது. அறுபதைத் தாண்டியவருக்குத் தண்டுவடக் குழாயே குறுகியிருந்தால் கதை தலைகீழ். நிமிர்ந்து நின்றால், நடந்தால் கால் மரத்துக் கனக்கும். உட்கார்ந்தால் அல்லது முன்னால் சாய்ந்தால் சரியாகிவிடும். கடைத்தெருவில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் நடக்க முடிகிறது, வெறுங்கையோடு முடியவில்லை என்பார் இவர். ஏற்றத்தில் உடல் முன்னால் சாய்வதால் ஏறும்போது சௌகரியமாகத்தான் இருக்கும். இறங்கும்போது முதுகு பின்னால் வளையும், கால் மரத்துவிடும். ஏறியது சுலபமாக இருந்ததே என்று உச்சிவரை போய்விட்டு, இறங்க முடியாமல் தவிக்கிறவர் பெரும்பாலும் இந்த வகை.

மூன்றாவது வகை, காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, நடக்க நடக்கச் சரியாகும் இளவயதுக்காரர். இது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி நோயாக இருக்கலாம். நடை இவருக்கு மருந்து. ஆனால் நோய் முற்றி முதுகெலும்புகள் ஒன்றோடொன்று இறுகிவிட்டால் சிறிய வீழ்ச்சியிலும் எலும்பு முறியும். பாறைப் படி அவருக்கு இடமல்ல. மாதவிடாய் நின்று எலும்பு மெலிந்த பெண்களுக்கும் இதே எச்சரிக்கை.

மறுபக்கம், ஸ்கேன் தாளைக் கண்டு மிரளவும் வேண்டாம். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை அலசி 2015இல் வெளியான தொகுப்பாய்வில், 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. தாளில் 'பல்ஜ்' என்று எழுதியிருப்பதாலேயே ஒருவர் நோயாளி ஆகிவிடுவதில்லை. இடுப்புவலியில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறிப்பிட்ட ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை.

மாத்திரை, பெல்ட், சுளுக்கு

கிளம்பும் முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டால் ஏறிவிடலாம் என்பது பலருடைய திட்டம். ஏறிவிடவும் முடியும். பிரச்சினை அதுதான். எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல வேண்டிய வலியை மாத்திரை அமுக்கிவிடுகிறது; உடல் அளவைத் தாண்டியது மருந்து இறங்கிய பிறகே தெரியும்.

சிறுநீரகக் கணக்கு தனி. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மருந்துகள் சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்களைச் சுருக்கும். வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்திருக்கும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, அதோடு சிறுநீர் பிரிய மாத்திரை எடுப்பவர் மூன்றாவதாக இதையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கும் அபாயம் உண்டு என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்தது. ராஜகிரிப் பாறை காலையில் வாங்கிய வெயிலை மதியம் முழுக்கத் திருப்பிக் கொடுக்கும். சித்திரை, வைகாசியில் அதன்மேல் வலி மாத்திரையோடு ஏறுவது, இடுப்புக்காகச் சிறுநீரகத்தை அடகு வைப்பது.

பெல்ட் கட்டினால் முதுகு பத்திரம் என்பதற்கும் போதிய ஆதாரம் இல்லை. நேராக இருக்க நினைவூட்டும். வலிக்கிற ஓரிரு நாளில் தைரியம் தரும். 'பெல்ட் போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகாது' என்று கூடுதல் எடையைத் தூக்கினால் அந்தத் தைரியமே வினை.

மறுநாள் பிடித்துக்கொண்டால் சுளுக்கு எடுப்பவரிடம் போவது நம் பக்கத்து வழக்கம். தசைப்பிடிப்புக்கு எண்ணெய் வழித்தால் இதமாக இருக்கும். ஆனால் உலகில் காசநோய் காண்பவர்களில் கால்வாசிப் பேர் இந்தியர்கள், காசநோய் முதுகெலும்பையும் தாக்கும். அரித்த எலும்பையோ, மெலிந்து நொறுங்கும் எலும்பையோ ஏறி மிதித்தாலும் வெடுக்கென்று முறித்துவிட்டாலும் தண்டுவடம் நசுங்கும். காரணம் தெரியாமல் முதுகை யார் கையிலும் முறிக்கக் கொடுக்காதீர்கள்.

படுத்துக்கிடப்பதும் ஆபத்து

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அதான் நான் எங்கேயும் போறதில்லை' என்று கட்டிலில் சாய்கிறவருக்கும் எச்சரிக்கை உண்டு.

1986இல் அமெரிக்காவில் இடுப்புவலிக்காரர்களில் ஒரு பாதிக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வும் மறுபாதிக்கு ஏழு நாளும் சொல்லிப் பார்த்தார்கள். குணமடைந்ததில் வித்தியாசம் இல்லை; இரண்டு நாள் படுத்தவர்கள் இழந்த வேலை நாட்கள் 45 சதவீதம் குறைவு. 1995இல் ஹெல்சிங்கியில் நகராட்சி ஊழியர்களை மூன்று பிரிவாக்கினார்கள்: படுக்கை ஓய்வு, முதுகுப் பயிற்சி, முடிந்தவரை வழக்கமான வேலை. விரைவில் தேறியது மூன்றாம் பிரிவு. மிக மெதுவாகத் தேறியது படுத்திருந்த பிரிவு.

2024இல் 'லான்செட்' இதழ் ஆஸ்திரேலியாவின் நடைப் பரிசோதனையை வெளியிட்டது. முதுகுவலி வந்து தேறிய 701 பேர். ஒரு பிரிவுக்கு இயன்முறை மருத்துவர் வழிகாட்டலில், சிறிது சிறிதாகக் கூட்டி, ஆறு மாதத்தில் வாரம் ஐந்து நாள் அரை மணி நேர நடைக்குக் கொண்டுவருவது குறிக்கோள். நடந்தவர்களுக்கு வலி திரும்ப வர எடுத்த இடைநிலை நாட்கள் 208. நடைத் திட்டம் தரப்படாதவர்களுக்கு 112. அறுவை இல்லை, கருவி இல்லை, செலவு சொற்பம். அந்த முடிவில் 'சிறிது சிறிதாக' என்பதுதான் உயிர்நாடி. அதை விட்டுவிட்டு நடையை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள், மாதம் முழுக்க அசையாமல் இருந்துவிட்டுப் பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறார்கள், அதுவும் வெறுங்காலில். பக்தியில் குறை சொல்வதற்கில்லை, அளவில் சொல்லலாம்.

செஞ்சியில் இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களிடம் நடக்கச் சொன்னால் சிரிப்பார்கள். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை இறக்குபவர், குனிந்த முதுகு நிமிராமல் நடவு நடுகிறவர், மல்லாட்டைச் செடி பிடுங்குகிறவர். ஒரு நெல் மூட்டை 75 கிலோ என்பது நம் பக்கத்துப் பழங்கணக்கு. ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போனால் அதைக் குறைக்க நடவடிக்கை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்தது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் சூத்திரம், எல்லா வசதியும் சரியாக இருந்தால்கூட 23 கிலோவிலிருந்துதான் தொடங்குகிறது. இவர்களுக்குத் தேவை கூடுதல் உடற்பயிற்சி அல்ல. சின்ன மூட்டை, தள்ளுவண்டி, வேலைக்கு நடுவே நிமிர்ந்து நிற்க நேரம். நடவு நடுகிறவர் அரை மணிக்கொரு முறை எழுந்து, இடுப்பில் கை வைத்துப் பின்னால் சாய்வதைச் சோம்பலாகப் பார்க்கக் கூடாது.

இறங்கிவிட வேண்டிய அறிகுறிகள்

வலி எங்கே போகிறது என்று பாருங்கள். நியூசிலாந்து இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கன்சி 1950களில் கவனித்து, பிறகு முறைப்படுத்தியது இது: காலில் இருந்த வலி மேலேறி இடுப்புக்கு ஒடுங்கினால் நல்லது, இடுப்பிலேயே சற்றுக் கூடினாலும். இடுப்பு வலி பின்தொடைக்கும், அங்கிருந்து கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் இறங்கினால் நரம்பு தொந்தரவுபடுகிறது. வலி கீழே இறங்கினால் நீங்களும் கீழே இறங்குங்கள். இன்னும் கொஞ்சம்தான் என்று உச்சியைப் பார்க்க வேண்டாம்.

அதைவிட அவசரமானவை சில. பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு படியில் தட்டுவது. இரண்டு காலும் ஒருசேரத் துவள்வது. சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது. சிறுநீர் முட்டியும் வராமலிருப்பது, அல்லது தெரியாமல் கசிவது. தண்டுவடத்தின் அடி நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளங்கள் இவை. இதற்கு அறுவை சிகிச்சை சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும்; இரண்டு நாளைத் தாண்டினால் நரம்பு மீள்வது கடினம். 108ஐ அழையுங்கள். செஞ்சி அரசு மருத்துவமனையில் முதல் உதவி பெறலாம். பெரிய சிகிச்சைக்கு முண்டியம்பாக்கம் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது புதுச்சேரி ஜிப்மர். காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாத முதுகுவலி இது.

காய்ச்சலோடு வரும் முதுகுவலி, எடை குறைவதோடு வரும் முதுகுவலி, இரவில் படுத்தாலும் விடாத முதுகுவலி, முன்பு புற்றுநோய் கண்டவருக்குப் புதிதாக வரும் முதுகுவலி, விழுந்த பிறகு வரும் முதுகுவலி ஆகியவற்றுக்கு நடை பதில் அல்ல. முதலில் மருத்துவர்.

செஞ்சியிலேயே இருக்கும் வரிசை

ராஜகிரிக்குத் தயாராக ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. செஞ்சியிலும் சுற்றிலுமே படிநிலைகள் இருக்கின்றன. இந்த ஊர்க்காரர்களுக்கு இது அன்றாட வசதி. வெளியூர்க்காரர் தம் ஊரில் இதற்கு இணையான இடங்களைத் தேடிக்கொள்ளலாம்.

முதல் மாதம் சமதளம் மட்டும். ராஜகிரியின் அடிவாரத்துக் கோட்டைப் பகுதியில் கல்யாண மகால், நெற்களஞ்சியம், உடற்பயிற்சிக்கூடம், ஆனைக்குளம் என்று பார்த்துக்கொண்டே நடக்க நிறைய இருக்கிறது. வேங்கடரமணர் கோயிலையும் சாதத்துல்லா கான் மசூதியையும் சேர்த்துக்கொண்டால் நடை இன்னும் நீளும். பத்து நிமிடத்தில் தொடங்கி அரை மணிக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாம் மாதம் சிங்கவரம். குன்றில் குடைந்த கோயிலில் பள்ளிகொண்ட அரங்கநாதரைப் பார்க்க ஏறும் படிகள் ராஜகிரியோடு ஒப்பிட்டால் சிலவே. ஏறுவதைவிட இறங்குவதைக் கவனித்துப் பழக ஏற்ற இடம். மூன்றாம் மாதம், ராஜகிரியைவிட உயரம் குறைந்த கிருஷ்ணகிரி. அதையும் முதல் தடவை பாதிவரை ஏறித் திரும்புவதே கெட்டிக்காரத்தனம்.

ஒவ்வொரு நிலையிலும் ஒரே அளவுகோல் போதும். நடந்ததால் கூடிய வலி மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதா? திரும்பினால் அடுத்த முறை கொஞ்சம் கூட்டலாம். திரும்பவில்லை என்றால் குறைக்க வேண்டும்; நிறுத்த வேண்டாம். வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறலாம்.

ராஜகிரி ஏறும் நாளில் முந்தைய இரவே செஞ்சிக்கோ திண்டிவனத்துக்கோ வந்து தங்கிவிடுவது உத்தமம். காலையில் வந்தால் காரை விட்டு இறங்கியதும் அடிவாரத்தில் இருபது நிமிடம் சும்மா நடங்கள். சுமை இரு தோளிலும் மாட்டும் பையில், முதுகோடு ஒட்டி இருக்கட்டும். நடக்கத் தெரிந்த குழந்தையை அது எவ்வளவு தூரம் ஏறுமோ அவ்வளவோடு திருப்பிக் கொண்டுவாருங்கள். பின்பக்கம் வார் உள்ள, பிடிப்பான அடியுள்ள காலணி. கைத்தடி. வலி மாத்திரை பையில் வேண்டுமானால் இருக்கலாம், ஏறும் முன் வயிற்றில் வேண்டாம். பாதித் தெம்பு மிச்சமிருக்கும்போதே திரும்ப வேண்டும். அந்த மிச்சம் இறக்கத்துக்கு. மதியத்துக்குப் பிறகு ஏறத் தொடங்குகிறவருக்கு நேரம் போதாமல் இறக்கம் அவசரமாகும். அவசர இறக்கத்தின் விலையை மேலே பார்த்தோம்.

மூன்று மாதம் சமதளத்திலும் சின்னக் குன்றிலும் நடந்து, மறுநாள் சோதனையில் தேறியவர் ராஜகிரி ஏறட்டும். அதைச் செய்யாதவர் கல்யாண மகாலைப் பார்த்துவிட்டு, ஆனைக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பட்டும். வாங்கிய டிக்கெட் அதற்கும் செல்லும்.